தண்ணீரின் முகத்தையும் பாருங்கள்

"அம்மா, ஓடி வாங்கோ! மீன் எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதுகள்!"

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் கடைசி நாட்கள் அவை. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த அந்தக் காலத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பகலெல்லாம் விட்டு விட்டுப் போன மின்சாரம் அன்று மாலையிலும் போயிருந்தது. எரிவாயுவும் இல்லை. பின்விறாந்தையில் விறகடுப்பு மூட்டி, தாச்சியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். மகனின் குரலில் இருந்த பயம் என்னை அடுப்படியிலிருந்து எழுப்பியது.

டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். எங்கள் கடல்நீர் மீன்தொட்டியில் இருந்த இரண்டு கோமாளி மீன்களும் தண்ணீரின் மேல்மட்டத்தில் தலையை வைத்து மூச்சுக்குத் தவித்தன. வழமையாக மண்பானைத் துண்டின் நிழலை விட்டு வராத சிவப்பு இறாலும் மேலே ஏறி வந்திருந்தது. டோர்ச்சைச் சற்றுச் சரித்தபோதுதான் அதைக் கண்டேன். தண்ணீரின் மேல், ஆறிய பாலில் ஆடை படிந்ததைப் போல ஒரு மெல்லிய படலம். வெளிச்சம் பட்ட இடத்தில் எண்ணெய் சிந்தியது போல நிறம் நிறமாக மினுங்கியது.

தொட்டியை நான் கவனிக்காமல் விட்டவள் அல்ல. ஒவ்வொரு நாளும் கண்ணாடியை மினுங்க மினுங்கத் துடைத்தேன். ஆனால் தண்ணீரின் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. அதற்கு நான் கொடுத்த விலையைத்தான் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சுவரைக் காக்கப் போய்...

நீர்கொழும்பில் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறையில் மூன்றடி நீளமான அந்தத் தொட்டியைக் கணவர்தான் வைத்தார். அது அவருடைய ஆசை. 2022 ஜனவரியில் அவர் தொழிலுக்காக டோஹாவுக்குப் போனபோது, தொட்டி என் பொறுப்பாகியது. எத்தனை சிட்டிகை உணவு போட வேண்டும், எப்போது தண்ணீர் மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதித் தந்துவிட்டுப் போனார்.

தொட்டிக்குள் இருந்த நீர்ப்பம்பியின் வாய் மேல்நோக்கித் திரும்பியிருந்தது. அதனால் தண்ணீர் மேல்மட்டத்தில் எப்போதும் சலசலத்துக்கொண்டே இருக்கும். அதிலிருந்து தெறிக்கும் துளிகள் காய்ந்து, தொட்டி விளிம்பிலும் பின்சுவரிலும் உப்புப் பூக்கும். சுவர்ப் பூச்சு செதில் செதிலாகக் கழன்றது. "இந்தச் சத்தத்தில ராவில கண் அயர ஏலாமக் கிடக்கு பிள்ளை" என்று மாமியும் குறைப்பட்டார். ஒரு நாள் நான் பம்பியின் வாயைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டேன். சத்தம் நின்றது. சுவரும் காய்ந்தது. தண்ணீர் கண்ணாடித் தகடு போல அசையாமல் நின்றது. நல்ல வேலை செய்துவிட்டேன் என்று எனக்குள் மகிழ்ந்துகொண்டேன்.

அதற்குப் பின்னர் இரண்டு வாரங்கள்கூட ஆகவில்லை.

அந்த இரவில் மகன் ஓடிப்போய், வீதிக் கோடியில் வசிக்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தான். இளவயதில் அலங்கார மீன்கள் பிடிப்பதற்காகக் கடலில் சுழியோடியவர் அவர். வந்தவர் தொட்டியை மேலிருந்து பார்க்கவில்லை. முழங்காலில் இருந்து, கண்ணாடி வழியாகக் கீழிருந்து மேல்நோக்கிப் பார்த்தார்.

"தண்ணி மூச்சுவிட ஏலாமல் கிடக்குது பிள்ளை. ஒரு ஜக்கு கொண்டு வாங்கோ."

அவசரத்தில் கைக்கு அகப்பட்ட செம்பை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"செம்பு, பித்தளை ஒண்டும் இதுக்குள்ள வைக்கக் கூடாது. செப்பு இறாலுக்கு நஞ்சு. பிளாஸ்ரிக் ஜக்குத் தாங்கோ."

ஜக்கை நிமிர்த்திப் பிடித்து, அதன் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு ஒரு நூலளவு கீழே போகும்படி மெதுவாக அமிழ்த்தினார். மேலே இருந்த படலம் சுற்றிலுமிருந்து ஜக்குக்குள் வழிந்து விழுந்தது. அதை வாளியில் ஊற்றினார். இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவைகள் செய்தபின், அடியிலிருந்து தெளிந்த நீரை அள்ளி ஓரடி உயரத்திலிருந்து திரும்பத் திரும்பத் தொட்டிக்குள்ளேயே ஊற்றினார். நானும் மகனும் மாறி மாறி அதைத் தொடர்ந்தோம். அரை மணித்தியாலத்தின் பின் சின்ன மீன் கீழே இறங்கிப் பானைத் துண்டருகே போனது. இறாலும் போனது. பெரிய மீன் மட்டும் இறங்கவில்லை. விடிந்தபோது அது தொட்டியின் மூலையில் சரிந்து கிடந்தது. மகன் அன்று சாப்பிடவில்லை.

அந்தப் படலம் எங்கிருந்து வருகிறது?

மறுநாள் பெரியவர் எனக்கு விளங்கப்படுத்தியதையும், பின்னர் நானாகத் தேடி அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மீன் உணவில் புரதமும் கொழுப்பும் உண்டு. மீன்களின் கழிவிலும், அவற்றின் உடலில் சுரக்கும் வழுவழுப்பிலும் இவை உண்டு. இத்தகைய பொருட்கள் பலவற்றின் மூலக்கூறுகளில் ஒரு முனை நீரை விரும்பும். மறு முனை நீரை வெறுத்து ஒதுங்கும். ஆகவே அவை தண்ணீருக்குள் அமைதியாகக் கரைந்து கிடக்காமல், நீரும் காற்றும் சந்திக்கும் எல்லைக்கு வந்து, ஒரு முனையை நீரிலும் மறு முனையைக் காற்றிலும் வைத்து நெருங்கி நிற்கும். நாளடைவில் பற்றீரியாக்களும் அங்கே குடியேறும். அப்போது படலம் தடிக்கும்.

கடலிலும் இப்படிப் படலம் உண்டாகிறது. அமைதியான நாளில் கடலின் மேல் வழுக்கலான பட்டைகள் தெரிவதைக் கரையோரத்தில் வாழும் சகோதரிகள் கண்டிருப்பீர்கள். ஆனால் அங்கே காற்றும் அலையும் அதை ஓயாமல் உடைக்கின்றன. கரையில் ஒதுங்கும் நுரையோடு அந்த அழுக்கின் ஒரு பங்கும் வெளியேறிவிடுகிறது. நம் வீட்டுத் தொட்டியில் அலையும் இல்லை, கரையும் இல்லை. அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். கணவர் பம்பியை மேல்நோக்கித் திருப்பி வைத்ததன் காரணம் அதுதான். அதைத்தான் நான் நிறுத்தினேன்.

இந்த மெல்லிய படலத்தைப் பற்றிய அறிவியலுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர், அடுக்களையில் பாத்திரம் கழுவிய ஒரு பெண் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஜேர்மனியின் பிறவுண்ஷ்வைக் நகரில் வாழ்ந்த அக்னஸ் பொக்கெல்ஸ் (1862-1935) என்பவர் அவர். அக்காலத்தில் அங்கு பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறந்திருக்கவில்லை. நோயுற்ற பெற்றோரைப் பராமரித்துக்கொண்டு வீட்டில் இருந்த அவர், கழுவும் நீரின் மேற்பரப்பு எண்ணெயாலும் சவர்க்காரத்தாலும் எப்படி மாறுகிறது என்று கவனித்தார். ஒரு தகரத் தொட்டியில் நீர் நிரப்பி, அதன் குறுக்கே ஒரு தகரப் பட்டியை வைத்து நகர்த்தி, மேற்பரப்பைக் கூட்டிச் சுத்தமாக்கவும் அளக்கவும் வழி கண்டார். தன் முடிவுகளை 1891இல் ஆங்கிலேய அறிஞர் றேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். அவரது முயற்சியால் அக்கடிதம் அதே ஆண்டு 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்தது. நாம் ஜக்கினாலும் கடதாசியினாலும் செய்வது, அந்தப் பெண் தகரப் பட்டியால் செய்த அதே வேலைதான்.

படலத்தால் என்ன கெடுதி?

தொட்டி நீருக்கு ஒட்சிசன் பெரும்பாலும் அதன் மேற்பரப்பின் வழியாகவே கிடைக்கிறது. காற்றுக் குமிழிகள்கூட, தாமாகக் கரைவதைவிட, நீரைக் கிளறி மேற்பரப்பைப் புதுப்பிப்பதாலேயே அதிகம் உதவுகின்றன. அடிநீர் மேலே வந்து காற்றைத் தொட்டுத் திரும்ப வேண்டும். நீரும் அசையாமல், மேலே படலமும் மூடிவிட்டால் ஒட்சிசன் உள்ளே வருவதும், காபனீரொட்சைட்டு வெளியே போவதும் தாமதமாகின்றன.

கடல்நீர்த் தொட்டிக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் தாங்குவது 7 மில்லிகிராமிலும் குறைவு. நீர் 30 பாகைக்குச் சூடேறினால் அதுவும் 6 அளவுக்கு இறங்கிவிடும். எங்கள் மார்ச் மாத வெப்பத்தை எண்ணிப் பாருங்கள். கடல் மீனுக்குக் கையிருப்பு எப்போதும் கொஞ்சம்தான்.

நம் வீட்டுப் பழக்கங்களும் காரணம்

பெரியவர் என் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.

பொரியல் ஆவி: தாச்சியிலிருந்து எழும் எண்ணெய் ஆவி வீடெங்கும் பரவி, தொட்டி நீரின் மேலும் படியும். விறகுப் புகையும் அப்படியே. விறாந்தைக்கும் முன்னறைக்கும் இடையிலிருந்த கதவை நான் ஒரு நாளும் சாத்தியதில்லை.

கையில் உள்ள எண்ணெய்: பிள்ளைகளுக்குத் தலையில் எண்ணெய் வைத்த கையோடு, கிறீம் பூசிய கையோடு தொட்டிக்குள் கைவிடக் கூடாது. அதற்காகச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய கையை அரைகுறையாக அலசிவிட்டு விடுவதும் கூடாது. வெறும் நீரில் நன்றாக அலசிய பின்னரே கையை விட வேண்டும்.

நுளம்பு மருந்து: நுளம்புக்கு விசிறும் மருந்துகள் பலவற்றில் உள்ள பைரித்திரொயிட் வகை இரசாயனங்கள் மீனுக்கும் இறாலுக்கும் மிகக் கொடிய நஞ்சு. தொட்டி உள்ள அறையில் அவற்றை விசிறவே வேண்டாம். வாசனைத் திரவியமும், கண்ணாடி துடைக்கும் விசிறியும் அப்படித்தான். தொட்டியின் வெளிக்கண்ணாடியைத் துடைக்க நீரில் நனைத்த துணி போதும்.

அதிக உணவு: மகனும் போடுவான், மாமியும் போடுவார், நானும் போடுவேன். மூன்று நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவே போதுமானது. மிஞ்சியது படலமாகும். உறைய வைத்த உணவானால் இளக வைத்து, அந்த நீரை வடித்துவிட்டுப் போடுவது நல்லது.

நான் இப்போது செய்வது

முதலில் பம்பியின் வாயைப் பழையபடி மேல்நோக்கித் திருப்பினேன். நீர் துள்ளித் தெறிக்கத் தேவையில்லை. மேற்பரப்பு முழுவதும் சிற்றலையாக நெளிந்துகொண்டிருந்தால் போதும். பம்பியின் வாய் நீர் மட்டத்துக்கு ஓரங்குலம் கீழே இருக்கும்படி சரிசெய்ததும் சத்தமும் குறைந்தது, சுவரும் தப்பியது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிடமும் ஆகவில்லை.

ஒவ்வொரு காலையும் கண்ணாடி வழியாகக் கீழிருந்து மேலே பார்க்கிறேன். சுத்தமான மேற்பரப்பு கீழிருந்து பார்க்க வெள்ளி முலாம் பூசியது போலப் பளிச்சென்று தெரியும். மங்கலாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால், அல்லது மேலே வந்த குமிழிகள் உடையாமல் மிதந்து நின்றால், படலம் படிகிறது என்று அர்த்தம்.

அப்படித் தெரிந்தால், பம்பியைச் சில நிமிடம் நிறுத்திவிட்டு, நிறமும் வாசனையும் சேர்க்காத வெள்ளை ரிஷூக் கடதாசி ஒன்றை நீரின் மேல் மட்டமாக விரித்து, ஒரு விளிம்பைப் பிடித்து மெதுவாக இழுத்து எடுக்கிறேன். படலம் கடதாசியோடு ஒட்டி வந்துவிடும். இரண்டு மூன்று கடதாசி போதும். அச்சடித்த பத்திரிகைத் தாள் வேண்டாம். கடதாசி இல்லாவிட்டால் ஜக்கு இருக்கவே இருக்கிறது. முடிந்ததும் பம்பியைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

ஜக்கினால் எடுத்த நீருக்குப் பதிலாகத் தயாரித்த கடல்நீரையே ஊற்ற வேண்டும். ஆனால் வெயிலுக்கு ஆவியாகிக் குறைந்த நீருக்குப் பதிலாக நன்னீரையே ஊற்ற வேண்டும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடும் அல்லவா? குழாய் நீரானால் குளோரின் அகற்றிய பின்னரே ஊற்ற வேண்டும்.

வசதியுள்ளவர்கள், மேற்பரப்பு நீர் பற்பற்களாக வெட்டிய விளிம்பின் வழியே வழிந்து வடிகட்டிக்குப் போகும் அமைப்போடு தொட்டியைச் செய்விக்கலாம். புரோட்டீன் ஸ்கிம்மர் எனும் கருவியும் உண்டு. பருப்பு அவியும்போது பொங்கும் நுரையை நாம் அகப்பையால் வழித்து எடுப்பதில்லையா? அதேபோல இக்கருவி தொட்டி நீருக்குள் நுண்ணிய குமிழிகளைச் செலுத்தி, அழுக்கை நுரையாக்கி ஒரு கிண்ணத்தில் சேர்த்துவிடும். உப்பு நீரில் குமிழிகள் மிக நுண்ணியனவாக நிற்பதால் கடல்நீர்த் தொட்டிக்கு இது நன்கு பயன்படும். கிண்ணத்தில் சேரும் கரும்பழுப்பு நீரை ஒரு தடவை கண்டால், இதுவெல்லாம் தொட்டிக்குள்ளா இருந்தது என்று திகைப்பீர்கள். எனினும் மேற்பரப்பு நீர் அந்தக் கருவிக்கு வந்து சேர வழி இல்லாவிட்டால், கருவி இருந்தும் படலம் மேலே நிற்கும்.

மின்சாரம் தடைப்பட்டால் உடனே உணவு கொடுப்பதை நிறுத்துங்கள். மூடி இருந்தால் திறந்து, மீன் துள்ளாதபடி வலையைப் போடுங்கள். முதலில் படலத்தை எடுங்கள். பின்னர் கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது ஜக்கினால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். பற்றரியில் இயங்கும் சிறிய காற்றுப் பம்பி ஒன்றை வாங்கி வைப்பதும் பெரிய செலவல்ல.

நீரைப் பற்றியும் ஒரு சொல். முன்பெல்லாம் கணவர் கடற்கரையிலிருந்துதான் நீர் எடுத்து வருவார். 2021 மே மாதம் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் தீப்பற்றி, அதிலிருந்த பிளாஸ்ரிக் மணிகள் எங்கள் கரையெங்கும் ஒதுங்கிய பின்னர் அதை நிறுத்திவிட்டு, மீன்தொட்டிக்கென விற்கப்படும் கடலுப்பைக் கரைத்துப் பாவிக்கத் தொடங்கினார். லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் அளவு. சமையல் உப்பு இதற்கு உதவாது. அதேபோல, தொட்டி அழகுக்காகக் கடலில் உள்ள பவளத்தை உடைத்து எடுக்கச் சொல்லாதீர்கள். அது சட்டவிரோதமானது, கடலுக்கும் கேடு. எங்கள் மீன்களுக்கு உடைந்த மண்பானையே மாளிகை.

கணவரிடம் சொல்லாத பத்து நாட்கள்

மீன் இறந்ததைக் கணவருக்குச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பத்து நாட்கள் மறைத்தேன். "மீன் எப்படி?" என்று அவர் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "சுகமாக இருக்கு" என்றேன். மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். பிள்ளையின் முன்னால் பொய் சொல்கிறேன் என்ற எண்ணம் மீன் செத்ததைவிட அதிகம் உறுத்தியது. பதினோராம் நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பம்பியைத் திருப்பியதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கொப்பியில எல்லாம் எழுதினன். பம்பி ஏன் அப்பிடித் திரும்பி இருக்குதெண்டு எழுதேல்லையே. அது என்ர பிழையும்தான்."

அடுத்த நாள் அந்தக் கொப்பியின் முதற்பக்கத்தில் நானே எழுதினேன்: 'தினமும் தண்ணீரின் முகத்தைப் பார்க்கவும்.'

கோமாளி மீன் சோடியில் பெரியதுதான் பெண். அது இறந்துவிட்டால், எஞ்சிய ஆண் மீன் காலப்போக்கில் வளர்ந்து பெண்ணாக மாறிவிடும் என்று பெரியவர் சொன்னார். மகன் நம்பவில்லை. சில மாதங்களின் பின் ஒரு சின்ன மீனை வாங்கித் துணைக்கு விட்டோம். இன்று பழைய மீன் அதைவிட இரு மடங்கு பெரிதாக, பானைத் துண்டின் வாசலில் காவல் நிற்கிறது.

மகன் இப்போது பாடசாலை போகுமுன் தொட்டியின் முன் முழங்காலில் இருந்து மேல்நோக்கிப் பார்க்கிறான். பார்த்துவிட்டு, "இண்டைக்குத் தண்ணிக்கு முகம் கழுவத் தேவையில்லை அம்மா" என்பான். சில நாட்களில் அவனே கடதாசியை எடுத்து வருவான். நான் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டுத் தாச்சியை அடுப்பில் வைக்கிறேன்.